பிளேட்டின் மேல் விழும் பழி: கிளட்ச் ஏன் ஒட்டுகிறது, வீட்டில் எதுவரை சரிசெய்யலாம்?

2020-ஆம் ஆண்டு ஐதராபாத்தின் மோட்டார் சைக்கிள்களை இரண்டு முறை சோதித்தது. மார்ச் 25 அன்று தொடங்கிய பொதுமுடக்கத்தில் அடுக்ககங்களின் கீழ்த்தளங்களிலும் பழைய நகரத்துச் சந்துகளிலும் வண்டிகள் வாரக்கணக்கில் அசையாமல் நின்றன. அக்டோபர் 13 அன்று பெய்த மழையில் பேகம்பேட்டையில் ஒரே நாளில் 19 சென்டிமீட்டரும், கட்கேசர் பக்கம் 32 சென்டிமீட்டரும் கொட்டியது. சில நாளில் பாலாபூரின் குர்ரம் செருவு ஏரி உடைந்து ஹஃபீஸ் பாபா நகருக்குள் வெள்ளம் புகுந்தது. வீட்டு வாசலில் நின்ற வண்டிகள் ஹேண்டில்பார் வரை மூழ்கின. ஓடாமல் நின்ற வண்டி, தண்ணீரில் நின்ற வண்டி இரண்டிலும் ஒரே பழுது வரும்: கிளட்ச் லீவரைப் பிடித்தாலும் பிளேட்டுகள் பிரியாது, கியர் போட்டவுடன் வண்டி முன்னால் பாய்ந்து எஞ்சின் அணைந்துவிடும்.

வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான் என்றாலும் உள்ளே நடந்தது ஒன்றல்ல, வைத்தியமும் வேறு வேறு. இந்தக் கட்டுரை சொல்ல வருவதன் மையமே இந்த வேறுபாடுதான். கிளட்ச் ஒட்டுகிறது என்று சொன்னதும், கடையிலும் சரி, வண்டி வைத்திருப்பவர் மனத்திலும் சரி, முதலில் எழும் பேச்சு “பிளேட் மாத்தணும்” என்பதாகவே இருக்கிறது. பிளேட் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய பொருள் என்பது என் உறுதியான எண்ணம். லீவரில் தொடங்கி, கேபிள் வழியாக இறங்கி, ஆயிலைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் சைடு கவரின் போல்ட்டில் ஸ்பானரை வைக்க வேண்டும்.

முதலில் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்வோம். இந்தியச் சாலைகளில் ஓடும் கியர் பைக்குகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது ஆயிலில் நனைந்து இயங்கும் பல பிளேட் கிளட்ச். உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட்டுகள் எஞ்சினோடு சுற்றும் ஹவுசிங்கின் பள்ளங்களில் மாட்டியிருக்கும். அவற்றுக்கு இடையே மாறி மாறி வரும் ஸ்டீல் பிளேட்டுகள் கியர்பாக்ஸோடு சேர்ந்த ஹப்பில் மாட்டியிருக்கும். பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை இறுக்கிப் பிடிக்கும்போது எஞ்சினின் சுழற்சி சக்கரத்துக்குப் போகிறது. லீவரைப் பிடித்தால் புஷ் ராடு ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ளி, அடுக்கில் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியை உண்டாக்கும். கிளட்ச் விடுபடுவது என்பது அந்தச் சிறு இடைவெளிதான். லீவரிலோ கேபிளிலோ கொஞ்சம் நகர்வு வீணாகிப் போனால்கூட அந்த இடைவெளி முழுதாகத் திறக்காது.

பழைய வண்டிகளிலிருந்து இன்றைய வண்டிகளுக்கு வந்தபோது ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. ராஜ்தூத், எஸ்டி, 1985-இல் வந்த ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் எஞ்சினுக்கான ஆயில் பெட்ரோலோடு போய் எரிந்துவிடும். கிளட்சும் கியரும் தனி ஆயிலில் கிடந்தன. அதே 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 தொடங்கி, ஃபோர் ஸ்ட்ரோக் 100 சிசி வண்டிகள் நாட்டை நிறைத்தபோது எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில் என்றானது. பிஸ்டனின் கரியும் எரிதலின் அமிலமும் கலந்த அதே ஆயிலில்தான் இப்போது கிளட்ச் பிளேட்டும் நனைகிறது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடும் வண்டியில் கிளட்ச் கெடுவதற்கு இது பெரிய காரணம். சென்னை திருவொற்றியூரில் பிறந்த பழைய புல்லட் இதில் தனி வகை. ஃபோர் ஸ்ட்ரோக்தான், ஆனால் கிளட்சும் பிரைமரி செயினும் இடப்பக்கத் தனி அறையில் தனி ஆயிலோடு இருந்தன. இரவு முழுக்க நின்ற புல்லட்டில் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்ளும் என்பதால், சாவி போடாமல் கிளட்சைப் பிடித்தபடி இரண்டு மூன்று உதை கொடுத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வார்கள். அந்தத் தலைமுறை பழக்கமாகச் செய்த இது இன்றும் சரியான வைத்தியம்.

இனி சோதனைக்கு வருவோம். லீவர் கனமாக இருப்பது ஒரு நோய், விட்டால் திரும்பாமல் பாதியில் நிற்பது இன்னொன்று. லீவர் இலகுவாகவே இருந்தும் சிக்னலில் நியூட்ரல் விழ மறுப்பதும், முதல் கியரில் கிளட்சைப் பிடித்திருக்கும்போதே வண்டி நகரப் பார்ப்பதும் மூன்றாவது. ஆக்சிலரேட்டரைத் திருகினால் எஞ்சின் மட்டும் அலறி வண்டி இழுக்காமல் இருப்பது இவற்றுக்கு நேர் எதிர். அது ஒட்டுவதல்ல, வழுக்குவது. இந்த நான்கையும் ஒரே சொல்லில் சொல்லி வண்டியை ஒப்படைத்தால் தேவையில்லாத வேலை நடப்பதற்கு நாமே வழி விடுகிறோம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளில் ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். எஞ்சின் பக்கம் கேபிள் சேரும் இடத்தில் நட்டுகளைத் தளர்த்தி, கேபிளின் முனையை அங்குள்ள ஆர்மிலிருந்து கழற்றிவிடுங்கள். இப்போது கைப்பிடி லீவரை அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பு எதுவும் இல்லாத நிலையில் அது வெண்ணெயாக வழுக்க வேண்டும். அப்போதும் கனமாகவோ சொரசொரப்பாகவோ இருந்தால் குற்றம் கேபிளிலோ லீவரிலோதான் இருக்கிறது, எஞ்சினைத் தொட வேண்டாம். மேலே எல்லாம் சரி என்றால், கீழே உள்ள ஆர்மைக் கையால் அசையுங்கள். கொஞ்சம் சும்மா ஆடி, பிறகு ஸ்பிரிங்கின் உறுதியான எதிர்ப்பு கிடைக்க வேண்டும். விட்டால் தானாகத் திரும்ப வேண்டும். திரும்பாமல் சிக்கினால் ஆர்மின் தண்டு துருப்பிடித்திருக்கலாம், அல்லது புஷ் ராடு தேய்ந்திருக்கலாம். ஒரு ஸ்பானரும் கொஞ்ச நேரமும் இருந்தால் பிரச்சினை எஞ்சினுக்கு வெளியிலா உள்ளேயா என்பது இப்படி இரண்டாகப் பிரிந்துவிடும்.

அடுத்த சோதனைக்குக் கருவியே வேண்டாம். எஞ்சினை அணைத்து, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, லீவரை முழுதாகப் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஆயிலின் பிசுபிசுப்பால் லேசான கனம் இருப்பது இயல்பு. சக்கரம் எஞ்சினோடு பூட்டியது போல நின்றால் பிளேட்டுகள் பிரியவில்லை. எஞ்சினை ஓடவிட்டுச் சக்கரத்தைக் காலால் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது விரலை இழக்கும் வழி, செய்யவே கூடாது.

கேபிளைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கதைகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. உறைக்குள் கம்பி ஓடும் இந்த ஏற்பாட்டுக்கு 1896-இல் காப்புரிமை பெற்றவர் எர்னஸ்ட் பௌடன். அன்றிலிருந்து அடிப்படை மாறவில்லை, பலவீனமும் மாறவில்லை. கம்பி உறைக்குள் எங்கே வளைகிறதோ அங்கே உரசும். ஐதராபாத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைநீர் லீவர் பக்கத்து வாய் வழியாக இறங்கும், மற்ற மாதங்களில் புழுதி இறங்கும். மெட்ரோவுக்கும் மேம்பாலங்களுக்கும் தோண்டிய சாலைகளில் ஓடியவர்களுக்கு இந்தப் புழுதியின் கனம் தெரியும். அமீர்பேட்டையிலும் பஞ்சகுட்டாவிலும் ஊர்ந்து போகும்போது லீவரை எத்தனை முறை பிடித்து விடுகிறோமோ, அத்தனை முறையும் அந்த மண் கம்பியைத் தேய்க்கிறது.

ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி லீவரின் தளர்வைப் பாருங்கள். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தால் கேபிள் போகும் வழி தவறு, எங்கோ மடங்கியிருக்கிறது. லீவர் முனையில் உள்ள ஈயக் குண்டுக்குப் பக்கத்தில் ஓரிரு இழை அறுந்து முள்போல நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் எண்ணெய் விட்டுப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். இழை நன்றாக இருந்து, உள்ளே நைலான் பூச்சு இல்லாத கேபிள் என்றால், மேல்முனையில் ஒரு பிளாஸ்டிக் பையின் மூலையைக் கூம்பாகக் கட்டி, மெல்லிய எண்ணெயை ஊற்றி இரவு முழுக்க விட்டுவிட்டால் அடிவரை இறங்கும். கிரீஸை அடைக்கக் கூடாது, அது புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நைலான் பூச்சுள்ள கேபிள்களுக்கு நிறுவனம் எண்ணெய் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதைக் கேட்பது நல்லது. மாற்றும்போது பழைய கேபிளின் வாலில் உறுதியான நூலைக் கட்டி உருவினால், புதியது அதே வழியில் ஏறிவிடும். டாங்கின் அடியில் வழி தேடி அல்லாட வேண்டியதில்லை.

லீவரின் அச்சு போல்ட்டையும் மறக்க வேண்டாம். வண்டி ஒருமுறை சாய்ந்து விழுந்திருந்தால் லீவர் லேசாக வளைந்து பிராக்கெட்டில் உரசும். அந்த போல்ட்டை யாராவது வலுவாக முறுக்கியிருந்தாலும் லீவர் பாதியிலேயே நின்றுவிடும். போல்ட்டைக் கழற்றித் துடைத்து, அச்சில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் தடவி, லீவர் தளராமலும் இறுகாமலும் மாட்டினால் தீர்ந்தது.

தளர்வின் அளவு இதே இடத்தில் வருகிறது. 100 சிசி வகை வண்டிகளின் கையேடுகள் பல, லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும் என்கின்றன. வேறு சில நிறுவனங்கள் லீவரின் அடியில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி என்று சொல்கின்றன. உங்கள் வண்டியின் கையேட்டு எண்தான் உங்களுக்குச் செல்லும். தளர்வு அதிகமானால் லீவரை முழுதாகப் பிடித்தும் பிளேட்டுகள் பிரியாது, கிளட்ச் ஒட்டுவது போலவே இருக்கும். தளர்வே இல்லாவிட்டால் பிளேட்டுகள் எப்போதும் அரைப்பிடியில் வழுக்கிக் கருகும். சரிசெய்யும்போது லீவர் பக்கத்துத் திருகை முழுக்க உள்ளே விட்டு, முதலில் எஞ்சின் பக்கத்து இரட்டை நட்டில் பெரும்பகுதியைச் சரிசெய்து, மீதியை மேலே முடிக்க வேண்டும். இப்படிச் செய்தால் சாலையில் கையாலேயே திருகிக்கொள்ள மேலே இடம் மிஞ்சியிருக்கும்.

இந்தத் தளர்வு ஒரு சாட்சியும்கூட. யாரும் தொடாமலே நாளாக நாளாக அது கூடிக்கொண்டே போனால் கேபிள் நீள்கிறது, இழை அறுகிறது என்று பொருள். தானாகக் குறைந்துகொண்டே வந்தால் உராய்வு பிளேட்டுகள் தேய்கின்றன, ஏனென்றால் அடுக்கு மெலியும்போது பிரஷர் பிளேட் நகர்ந்து புஷ் ராடுக்கான இடத்தைத் தின்கிறது. மாதம் ஒருமுறை ஒரு ஸ்கேலை வைத்து அளந்து குறித்து வைப்பவருக்கு, பிளேட் மாற்ற வேண்டிய காலத்தைக் கடைக்காரர் சொல்ல வேண்டியதில்லை.

ஆயிலில் தரத்தையும் அளவையும் பார்க்க வேண்டும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். நனைந்த கிளட்சுக்கு ஏற்ற உராய்வுத் தன்மை உண்டு என்பதற்கு ஜப்பானிய வாகனத் தர அமைப்பு 1998-இல் கொண்டுவந்த தரவரிசையைச் சேர்ந்த குறி அது. எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். கையேடு சொன்னதைவிடக் கெட்டியான ஆயில், அல்லது அளவுக்கு மேல் ஊற்றிய ஆயில் இருந்தால் டிசம்பர், ஜனவரி அதிகாலையில் முதல் கியர் “டக்” என்று இடித்து விழும். பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் அது மறைந்துவிடும். சூடானதும் மறையும் ஒட்டுதல் ஆயிலைக் காட்டுகிறது. சூடானதும்தான் வரத் தொடங்கும் ஒட்டுதல் பெரும்பாலும் வளைந்த ஸ்டீல் பிளேட்டைக் காட்டுகிறது. ஜூபிலி ஹில்ஸ், பஞ்சாரா ஹில்ஸ் ஏற்றங்களில் பிரேக்கைப் பிடிக்காமல் அரைக் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் இந்த வளைவை உண்டாக்கும். நாள் முழுக்க உணவும் பொருளும் சுமந்து ஓடும் இளைஞர்களின் வண்டிகளில் இதை அதிகம் பார்க்கலாம். அவர்களுக்கு வண்டி ஒரு நாள் கடையில் நின்றால் அன்றைய வருமானம் போச்சு. கேபிள் செய்த குற்றத்துக்குப் பிளேட்டை மாற்றுவது அவர்களை எவ்வளவு பாதிக்கும் என்பதை எண்ணித்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இனி 2020-க்குத் திரும்பலாம். வெறுமனே நின்றதால் ஒட்டிய கிளட்சில் நடப்பது இது: பிளேட்டுகளுக்கு இடையே இருந்த ஆயில் பிதுங்கி வடிந்து, மிச்சம் பிசினாகி, அடுக்கு ஒன்றாகிவிடுகிறது. எஸ்டியிலும் பழைய பஜாஜ் ஸ்கூட்டரிலும் இருந்த கார்க் பிளேட்டுகளில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இதற்கு எஞ்சினைத் திறக்கத் தேவையில்லை. எஞ்சினை நியூட்ரலில் பத்து நிமிடம் ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கி, அணைத்து, டாப் கியரில் போட்டு, லீவரைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னுமாக உந்துங்கள். பல வண்டிகளில் சிறு சத்தத்தோடு பிளேட் விட்டுவிடும். விடாவிட்டால், லீவரை ரப்பர் பட்டையால் ஹேண்டிலோடு இழுத்துக் கட்டி இரவு முழுக்க வைத்து, காலையில் மீண்டும் உந்திப் பார்க்கலாம். ஓட்டிக்கொண்டே கியர் போட்டு, லீவரைப் பிடித்து, பிரேக்கை அழுத்திப் பிரிக்கும் முறையும் உண்டு. ஆளில்லாத திறந்த வெளியில், அனுபவம் உள்ளவர் மட்டுமே செய்யத்தக்கது அது.

மூழ்கிய வண்டிக்கு இதில் எதையும் செய்யக் கூடாது. ஸ்டார்ட்டும் செய்யக் கூடாது. ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. ஓரிரு நாளில் வடித்து, புது ஆயில் விட்டுச் சிறிது ஓட்டி, மீண்டும் வடித்தால் தப்பிவிடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் ஸ்டீல் பிளேட்டுகள் துருவேறி உராய்வுப் பொருளோடு ஒட்டிவிடும். அப்போது கியர் போட்டு வலுக்கட்டாயமாகப் பிரித்தால் உராய்வுப் பொருள் பெயர்ந்து ஆயிலில் கலந்து பம்பின் வடிகட்டியை அடைக்கும். கிளட்சைக் காப்பாற்றப் போய் எஞ்சினை இழக்க நேரும். இங்கே திறப்பதுதான் சிக்கனம்.

திறப்பதும் வீட்டில் முடியாத வேலை அல்ல. ஆயிலை வடித்து, கிக்கரையும் புட்ரெஸ்டையும் கழற்றி, சைடு கவரின் போல்ட்டுகளை எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த இடத்தின்படி ஓர் அட்டையில் குத்தி வைக்க வேண்டும், நீளங்கள் வேறுபடும். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். பிளேட்டுகளின் வரிசையையும் திசையையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீல் பிளேட்டைத் தடித்த கண்ணாடியின் மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். நீலம் பாய்ந்திருந்தால் அது அதிகமாகச் சூடானதன் அடையாளம். மேலோட்டமான துருவை நைஸ் எமரித்தாளால் நீக்கலாம், குழி விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். உராய்வு பிளேட்டின் கனத்தை வெர்னியரால் அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

பலர் கவனிக்காமல் விடும் இடம் ஹவுசிங்கின் விரல்கள். உராய்வு பிளேட்டின் பற்கள் மோதி மோதி அங்கே வெட்டு விழுந்திருக்கும். பிளேட் பிரியும்போது அந்த வெட்டில் மாட்டிக்கொள்ளும். புதுப் பிளேட் போட்டும் ஒட்டுகிறது என்று புலம்புகிறவர்களின் வண்டியில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். ஆழமில்லாத வெட்டை அரத்தால் சமமாகத் தேய்த்துச் சரிசெய்யலாம். ஆழமாக இருந்தால் ஹவுசிங்கை மாற்ற வேண்டும். அதற்கு நடு நட்டைக் கழற்றத் தனிக் கருவி தேவை. உளியும் சுத்தியலும் கொண்டு அதைத் தட்டிக் கழற்றக் கூடாது, அங்கே வீட்டு வேலையை நிறுத்திக்கொள்ளலாம்.

உதிரிகளுக்கு ஐதராபாத்தில் கோட்டி பக்கம் புத்லிபௌலியும் ஜாம்பாக்கும் இருக்கின்றன, செகந்திராபாத் பக்கம் ராணிகஞ்ச் இருக்கிறது. பழைய பிளேட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பல்லின் எண்ணிக்கையையும் கனத்தையும் ஒப்பிட்டு வாங்குவதுதான் பாதுகாப்பு. போலி உறைகள் உலவும் பொருள் இது. சைடு கவருக்கான பேக்கிங்கையும் புதிதாக வாங்குங்கள், பழையதை மீண்டும் போட்டால் ஆயில் கசியும்.

கையேடு, கையேடு என்று சொல்லிக்கொண்டே வருகிறேன். வண்டியோடு தரும் சிறு புத்தகத்தில் கேபிளின் தளர்வுக்கு மேல் ஒன்றும் இருப்பதில்லை. பிளேட்டின் குறைந்தபட்ச கனமும் ஸ்பிரிங்கின் நீளமும் பட்டறைக் கையேட்டில்தான் இருக்கும், அது வாங்குபவர் கைக்கு எளிதில் வருவதில்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தபோது, எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனங்களும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையவாசலும் திறக்கப்பட்டது. அது நிறைவு பெற வேண்டுமானால், கிளட்ச், பிரேக், செயின் மூன்றுக்குமான அளவுகளையாவது தெலுங்கிலும் உருதுவிலும் தமிழிலும் அச்சிட்டு வண்டியோடு தர வேண்டும். இதில் நிறுவனங்களுக்கு இழப்பு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

திரும்ப மாட்டும்போது புது உராய்வு பிளேட்டுகளைப் புது எஞ்சின் ஆயிலில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். காய்ந்த பிளேட்டை மாட்டினால் முதல் கிலோமீட்டரிலேயே கருகும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுகள் அலுமினியத்தில் இறங்குபவை, அவற்றுக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். தோள் பலத்தைக் காட்டினால் மரை கழன்றுவிடும். கழுவ மண்ணெண்ணெயோ டீசலோ போதும், வீட்டுக்குள் பெட்ரோல் வேண்டாம். வடித்த ஆயிலைக் கழிவுநீர் ஓடையில் ஊற்றினால் அது மூசி ஆற்றுக்குத்தான் போகும். டப்பாவில் அடைத்து, பழைய ஆயிலைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள். வண்டியை இறக்கும் முன் சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரச் சோதனையை மறுபடி செய்யுங்கள். புதுக் கேபிள் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும், அதன் பிறகு தளர்வை ஒருமுறை அளந்து மீண்டும் சரிசெய்ய வேண்டும்.